பெரியக்கா பேசிய செவ்வாய்க்கிழமை

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். சாயங்காலமானால் கண் எரிகிறது, அவ்வளவுதான். அச்சகத்தில் நாளெல்லாம் பொடி எழுத்தில் புரூஃப் பார்த்தால் வேறென்ன ஆகும்? உன் முதுகுவலி தேவலையா? லென்ஸ் தேய்க்கும் மெஷின் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருக்காதே.

பெரியக்கா போய் நாலு மாதம் ஆகப்போகிறது. வருகிற அக்டோபர் பன்னிரண்டோடு வருஷம் ஒன்று. அதற்குள் அவளைப் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் போடலாம் என்றிருக்கிறேன். தெரிந்தவர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதினால் போதும். அம்மா அப்பா இல்லாத வீட்டில் நம் இரண்டு பேரையும் ஆளாக்கியவள், முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டு மைக்கில் ஊரையே ஏற்றி இறக்கியவள், சுவரில் ஒரு போட்டோவோடு முடிந்துபோகக் கூடாது.

அவளோடு படித்த தையல்காரத் தோழி முதல் ஆளாக எழுதி அனுப்பிவிட்டாள். மைக் வேலைக்கு நேர்காணல் என்றதும் அக்கா சீப்பை வாயருகே பிடித்துக்கொண்டு, "பயணிகள் கவனத்திற்கு, ஊசிக்காரி வகுப்பிலிருந்து புறப்படத் தயாராக இருக்கிறாள், வழியில் எங்கும் நிற்கமாட்டாள்" என்று அறிவித்துப் பழகினாளாம். எனக்கு ஞாபகம் வருவது சாப்பாட்டு வேளைதான். "இரண்டாவது பிளாட்பாரத்தில் தட்டு காத்திருக்கிறது" என்பாள். நீ முதல் பிளாட்பாரம், நான் இரண்டாவது.

கடைசி வரை அவளோடு இருந்தவன் நீதான். அந்தக் கடைசி மாதத்தை நீ எழுது. நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போனில் கேட்டால் "ம்" கொட்டுகிறாய். கடிதத்தில் "ம்" கொட்ட முடியாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


பிப்ரவரி 26

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. முதுகு அப்படியேதான் இருக்கிறது. வலி இல்லாத நாளில்தான் பயமாக இருக்கிறது. கண் எரிந்தால் சும்மா விடாதே, நம்பரைப் பரிசோதி. கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவனின் தங்கை தப்பான கண்ணாடி போட்டுக்கொண்டு அலைந்தால் என் மானம் போகும்.

புத்தகம் நல்ல யோசனை. எனக்கு எழுத வராது. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். மழையில் ஒருவர் பஸ்ஸுக்காக ஓடிவந்துகொண்டிருந்தார். அக்கா மைக்கில், "டிரைவர் சார், ஒரு நிமிஷம். சிவப்புக் குடைக்காரர் வந்துட்டிருக்கார். அவர் வயசுக்கு அது வேகம்தான்" என்றாள். ஸ்டாண்டே சிரித்தது, அவரும் சிரித்தார். மேலதிகாரி விளக்கம் கேட்டுக் காகிதம் அனுப்பினார். அக்கா அதை மடித்து மேஜையின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்துவிட்டாள். இதைப் போட்டுக்கொள்.

கடைசி மாதத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மறதி முற்றிப் படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தாள். ஒரு மாதம் வாயே திறக்கவில்லை. வியாழக்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்தாள், ஞாயிறு போய்விட்டாள். உனக்குத் தெரிந்ததுதான். அதைக் கிளறி என்ன ஆகப்போகிறது?

பக்கத்து வீட்டில் மாடி எடுக்கிறார்கள். ஒரே தூசி.

அண்ணன்


மார்ச் 20

அன்புத் தங்கச்சிக்கு,

நீங்களும் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். எனக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம், மருமகள் மூன்றும் கட்டுக்குள் இருக்கின்றன.

நான் ஓய்வுபெற்ற டிரைவர். இருபத்திரண்டு வருஷம் நாற்பத்தேழாம் நம்பர் வண்டி ஓட்டியதால் என் பெயரே நாற்பத்தேழு ஆகிவிட்டது. மைக் அக்காவைப் பற்றி எழுதக் கேட்டு நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. ஆயிரம் இருக்கிறது, ஆனால் ஒன்றைத்தான் எழுதப்போகிறேன். அவர்கள் கடைசியாக மைக்கில் பேசிய நாள்.

போன அக்டோபர் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். நான் வழக்கம்போல ஸ்டாண்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா நடந்து வந்தார்கள். காலில் செருப்பில்லை. யாரையும் பார்க்காமல் நேராக மைக் ரூமுக்குள் போனார்கள். இப்போது அங்கே வேலை செய்கிற அம்மா நல்ல மனசுக்காரி. யார் என்று தெரிந்ததும் எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டாள்.

அக்கா சுவிட்சைத் தட்டினார்கள், தொண்டையைச் செருமினார்கள். "பன்னிரண்டாம் எண் பேருந்து, கோர்ட், ஆற்றுப்பாலம், பஞ்சாலை வழியாக" என்று ஆரம்பித்தார்கள். அந்தப் பஞ்சாலை மூடிப் பதினைந்து வருஷம் ஆகிறது. அந்தப் பஸ்ஸும் இப்போது ஓடவில்லை. முதலில் சில பேர் சிரித்தார்கள். அரை மணி நேரம் ஒரு எண், ஒரு நேரம் பிசகாமல் சொல்லிக்கொண்டே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. பழைய ஆட்கள் எழுந்து நின்றோம்.

கடைசியில் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்கள். "நாற்பத்தேழு, என்ன வேடிக்கை? இன்னிக்கும் லேட்டா?" என்றார்கள்.

"இதோ எடுத்துட்டேங்க்கா" என்றேன். வேறென்ன சொல்வது?

அப்புறம் நான்தான் ஆட்டோவில் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். இதைப் புத்தகத்தில் போடுங்கள். பேத்திகளிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
நாற்பத்தேழு


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? இதோடு டிரைவர் நாற்பத்தேழின் கடிதத்தை நகலெடுத்து வைத்திருக்கிறேன். நான் அதை மூன்று முறை படித்துவிட்டேன். முதல் முறை அழுதேன். இரண்டாம் முறை சிரித்தேன். மூன்றாம் முறை, தொழில் புத்தி, தேதியைப் பார்த்தேன்.

அக்டோபர் ஏழு. அக்கா போவதற்கு ஐந்து நாள் முன்னால்.

ஒரு மாதம் படுக்கையோடு கிடந்தாள் என்று எழுதியிருக்கிறாய். படுக்கையில் கிடந்தவள் இரண்டு கிலோமீட்டர் எப்படி நடந்தாள்? ஒரு மாதம் வாய் திறக்காதவள் அரை மணி நேரம் மைக்கில் எப்படிப் பேசினாள்? அதுவும் போகட்டும், எழுந்திருக்கவே முடியாதவள் குளியலறையில் எப்படி வழுக்கி விழுந்தாள்? உன் கடிதத்தில் பக்கத்துப் பக்கத்து வரியில் இருக்கிறது, எனக்கு அப்போது உறைக்கவில்லை.

டிரைவருக்கு வயதாகிவிட்டது, நாளைக் குழப்பிக்கொண்டார் என்று நீ சொல்லலாம். அதனால் ஸ்டாண்டுக்குப் போன் போட்டேன். இப்போதைய மைக் அம்மாவும் அதே தேதிதான் சொல்கிறாள். அன்றைக்கு அவள் பிறந்தநாளாம்.

அண்ணா, அந்த வாரம் என்ன நடந்தது?

தங்கை


ஏப்ரல் 24

தங்கைக்கு,

வேலை அதிகம். பள்ளிக்கூடங்களுக்குக் கண் பரிசோதனை முகாம், இருநூறு கண்ணாடி.

தேதி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். நான் சொன்னதில் தப்பிருந்தால் திருத்திக்கொள், உன் வேலைதானே அது. அந்த டிரைவர் எழுதியதைப் போட வேண்டாம். செருப்பில்லாமல் ரோட்டில் நடந்தாள் என்று நாலு பேர் படிக்கவா அக்காவுக்குப் புத்தகம்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மே 1

மதிப்பிற்குரிய டிரைவர் அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் சர்க்கரையும் மருமகளும் இன்னும் கட்டுக்குள் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் எழுதியதை விட அழகாக அக்காவைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆட்டோவில் வீட்டில் கொண்டுபோய் விட்டதாக ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். வீட்டில் யார் இருந்தார்கள்? அக்கா எப்படி வெளியே வந்தாளாம்? முழங்கையில் கட்டு இருந்ததை நான் அவள் கிடத்தப்பட்டிருந்தபோது பார்த்தேன். அந்தக் காயம் செவ்வாய்க்கிழமையே இருந்ததா?

நீங்கள் யாருக்காவது வாக்குக் கொடுத்திருந்தால் அதை மீறச் சொல்வதற்கு எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவள் என் அக்கா.

உங்கள் தங்கை


மே 29

அன்புத் தங்கச்சிக்கு,

நீங்கள் சௌக்கியமாக இருக்க வேண்டும். பதில் எழுத இத்தனை நாளானதற்கு மன்னிக்கவும். நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். உங்கள் அண்ணனிடம் வாக்குக் கொடுத்தது உண்மைதான். உங்கள் கடைசி வரியைப் படித்த பிறகு அதைக் காப்பாற்ற முடியவில்லை.

வீட்டு வாசலுக்குப் போனோம். கதவில் வெளியிலிருந்து பூட்டு. பெரிய பித்தளைப் பூட்டு. அக்கா என்னிடம், "இந்த வீட்டுல யாரும் இல்ல போலிருக்கு, வேற நாள் வரலாம்" என்றார்கள், விருந்தாளி மாதிரி. நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சமையலறை ஜன்னலில் துருப்பிடித்த கம்பி ஒன்று வளைந்து பெயர்ந்திருந்தது. ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிற ஜன்னல் அது. கீழே சிமெண்ட் தரை. முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது. காதுக்குப் பின்னால் லேசாக வீங்கியிருந்தது.

நான் கண்ணாடிக் கடைக்குப் போன் செய்தேன். உங்கள் அண்ணன் ஓடிவந்தார். வேலை செய்கிற ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை, மேலெல்லாம் லென்ஸ் தூள். சாவியைப் பூட்டில் தலைகீழாக நுழைக்கப் பார்த்தார். நான்தான் வாங்கித் திறந்தேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. என் தங்கச்சி காதுக்கு மட்டும் போயிடவே கூடாது" என்றார்.

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஊரையே வழியனுப்பியவர்களை உள்ளே வைத்துப் பூட்டியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சாப்பாடு இறங்குவதில்லை.

நாற்பத்தேழு


ஜூன் 3

அண்ணா,

டிரைவர் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். பூட்டு, ஜன்னல், காதுக்குப் பின்னால் வீக்கம்.

அவரைக் கோபிக்காதே. நான் பிடுங்கியெடுத்தேன்.

இப்போது உன் கையால் எழுது. இல்லையென்றால் இனி எனக்கு எதுவும் எழுதாதே.


ஜூலை 27

அன்புள்ள தங்கைக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். உன் கண் எப்படி இருக்கிறது?

போன வருஷம் கோடையில் அக்கா மூன்று முறை வெளியே போய்விட்டாள். மூன்றாம் முறை புறவழிச் சாலையின் நடுவில் நின்று, வருகிற லாரிகளைக் கை காட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து அவளை ஓரமாக உட்காரவைத்து, அவள் பையில் நான் எழுதி வைத்திருந்த நம்பருக்குப் போன் செய்தார். பார்த்துக்கொள்ள வந்த அம்மா இரண்டு மாதத்தில் நின்றுவிட்டாள். அக்கா அவளைத் திருடி என்று நினைத்து அடித்துவிட்டாள். அடுத்து வந்தவள் நாலே நாள். கடையில் லீவு கேட்டேன், ஒரு வாரம் கிடைத்தது. என் மனைவி இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன். செத்தவளிடமே வேலை வாங்கப் பார்க்கிறேனே என்று சிரிப்பும் வரும்.

ஆகஸ்டில் பூட்டு வாங்கினேன். இருபது நாள் அலமாரியில் அப்படியே வைத்திருந்தேன். எதற்குக் காத்திருந்தேன் என்பதை விடு. செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து பூட்ட ஆரம்பித்தேன். காலை எட்டே முக்காலுக்குப் பூட்டுவேன், ஒரு மணிக்கு வந்து ஊட்டிவிட்டு மறுபடி பூட்டுவேன், ஆறு மணிக்குத் திறப்பேன். முதல் நாள் உள்ளேயிருந்து கதவைத் தட்டினாள். ஒரு வாரத்தில் தட்டுவதை நிறுத்திவிட்டாள். பழகிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். பார், சந்தோஷப்பட்டேன் என்றே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நடந்தது உனக்குத் தெரியும். உனக்கும் டிரைவருக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது.

அன்று மத்தியானமே அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். முழங்கையைப் பார்த்துவிட்டு, "எப்படி ஆச்சு?" என்றார். "சுவத்துல உரசிக்கிட்டாங்க" என்றேன். "எங்கேயாவது விழுந்தாங்களா? தலையில அடி ஏதாவது?" என்று தெளிவாகக் கேட்டார். "இல்லீங்க" என்றேன். ஜன்னலைச் சொன்னால் பூட்டைச் சொல்ல வேண்டும். வீங்கின இடத்தை முடி மறைத்திருந்தது. நானும் அவள் முடியை இழுத்துவிட்டேன், சரியாக மறைக்கட்டும் என்று.

புதன்கிழமை தூங்கிக்கொண்டே இருந்தாள். களைப்பு என்று நினைத்தேன், அல்லது அப்படி நினைக்க விரும்பினேன். வியாழன் எழுப்பினால் எழவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில், மூளைக்குள் ரத்தம் கசிந்து உறைந்துவிட்டது, இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்கள். அங்கே குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னேன்.

செவ்வாய் சாயங்காலம் அவள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் வாய் திறக்கவில்லை என்று நான் எழுதியது பொய். அவள் என்ன பேசினாள் என்று நீ கேட்டுவிடக் கூடாதே என்று எழுதினேன். நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. டிரைவரைத் தெரிந்திருக்கிறது, என்னைத் தெரியவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வதுபோல என்னிடம் சொன்னாள்: "ஒருத்தன் தினம் வந்து கதவப் பூட்டிட்டுப் போறான். கெட்டவன் இல்ல. ரொம்பப் பயந்தவன். அவன ஒண்ணும் பண்ணிடாதீங்க."

இதைத்தான் நீ புத்தகத்துக்குக் கேட்டாய். எழுதிவிட்டேன். என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்.

அண்ணன்


ஆகஸ்ட் 20

தங்கைக்கு,

என் கடிதம் கிடைத்ததா? திட்டியாவது ஒரு வரி எழுது. தபால்காரர் தினமும் எனக்காக வருத்தப்படுகிறார், பார்க்க முடியவில்லை.

அண்ணன்


செப்டம்பர் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நாற்பது நாளாகப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா?

முதல் வாரம் உன்மேல் இருந்த கோபத்தைச் சொல்லி முடியாது. டாக்டர் கேட்டபோது நீ சொன்ன "இல்லீங்க" என் காதிலேயே நின்றது. அதை லேசாக எடுத்துக்கொள் என்று நான் சொல்லமாட்டேன். உன்னாலும் எடுத்துக்கொள்ள முடியாது. டாக்டரிடம் நீ உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அக்கா உயிரோடு இருந்திருக்கலாம்.

இரண்டாம் வாரத்தில்தான் உன் கடிதத்தில் ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. பூட்டு இருபது நாள் அலமாரியில் இருந்தது, எதற்குக் காத்திருந்தேன் என்பதை விடு என்று எழுதியிருக்கிறாய். விடமுடியவில்லை.

போன வருஷம் நீ எனக்கு மூன்று கடிதம் எழுதினாய். அக்காவை இரண்டு மாதம் கொண்டுபோய் வைத்துக்கொள்ள முடியுமா என்று முதல் கடிதம். ஒரே அறை வீடு, மூன்றாவது மாடி, என்னால் எப்படி முடியும் என்று பதில் போட்டேன். அது பாதிதான் உண்மை. என்னைத் தெரியாத அக்காவோடு ஒரே அறையில் இருக்க எனக்குப் பயமாக இருந்தது. இரண்டாவது கடிதத்துக்கு, வேலை அதிகம், அப்புறம் எழுதுகிறேன் என்று கார்டு போட்டேன். மூன்றாவது ஆகஸ்டில் வந்தது. கனமாக இருந்தது. உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்ததால் பிரிக்கவில்லை. மேஜை இழுப்பறையில், திருத்தி முடித்த புரூஃப் கட்டுகளுக்கு அடியில் போட்டுவிட்டேன். ஒரு வருஷமாக அது அங்கே இருந்தது. "என்ன நடந்தது, உன் கையால் எழுது" என்று உன்னை மிரட்டிய கடிதத்தை அந்த மேஜையில் உட்கார்ந்துதான் எழுதினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்தேன்.

நாலு பக்கம். லாரிகளுக்கு நடுவில் அவள் நின்றதையெல்லாம் எழுதியிருக்கிறாய். நாலாம் பக்கத்தின் கடைசியில், "பூட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். போடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அக்கா விஷயத்தில் தனியாக முடிவெடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுது, போடமாட்டேன், வேலையை விட்டுவிடுகிறேன். உன் பதில் வரும் வரை காத்திருக்கிறேன்" என்று இருக்கிறது.

அண்ணா, பிப்ரவரியிலிருந்து உனக்கு நான் எத்தனை கேள்வி கேட்டேன்! ஒரே வரியில் என் வாயை அடைத்திருக்கலாம் நீ. "உன்னைக் கேட்டேனே, நீ ஏன் பதில் போடவில்லை" என்று ஒரு வரி. ஜூலையில் எல்லாவற்றையும் கொட்டியபோதுகூட அதை எழுதவில்லை. நான் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன் என்றே இத்தனை நாள் நினைத்திருப்பாய். அப்படி நினைத்துக்கொண்டுமா என் கண்ணை விசாரித்தாய்?

படிக்கவில்லை. அது அதைவிட மோசம் என்று எனக்குத் தெரியும்.

புத்தகம் அச்சுக்குப் போகவில்லை. ஊசிக்காரியும் சிவப்புக் குடைக்காரரும் நாற்பத்தேழும் தயாராக இருக்கிறார்கள். டிரைவர் எழுதியதைச் செருப்பில்லாத கால்களோடு அப்படியே போடப்போகிறேன். அதில் அவமானப்பட அக்காவுக்கு ஒன்றுமில்லை, நமக்குத்தான். நம் இருவரின் பக்கங்கள் மட்டும் காலியாக இருக்கின்றன. டாக்டரைப் பற்றி நீ எழுது. பிரிக்காத கடிதத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். தனித்தனியாக உட்கார்ந்து எழுதினால் மறுபடியும் ஆளுக்கொன்றை விட்டுவிடுவோம்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். கடைக்கு லீவு சொல். வாசல் கதவைத் திறந்து வை.

தங்கை